தீவனத் தொட்டியில் என் ஏழு துரும்புகள்

இன்று காஜா பெராங் கடைத்தெருவில் பூனைத் தீனி வாங்கப் போனேன். கடை அக்கா என் கல்லூரிச் சட்டையைப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"உங்க காலேஜ் தம்பி ஒருத்தர் நேத்து ரெண்டு பை வைக்கோல் வாங்கிட்டுப் போனாரு. ஹாஸ்டல்ல முயல் வளக்கிறீங்களா?"

நாங்கள் முயல் வளர்க்கவில்லை.

எங்கள் கத்தோலிக்க மாணவர் குழுவின் ஜெப அறையில் ஒரு தீவனத் தொட்டி இருக்கிறது. திருவருகைக் காலத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு நல்லது செய்தால், அதில் ஒரு வைக்கோல் துரும்பு போடலாம். கிறிஸ்துமஸுக்குள் பாலன் படுக்க மெத்தை சேர்ந்துவிடும்.

இதைச் சொல்லிக்கொடுத்ததே எங்கள் தலைவர் சேவியர் அண்ணன்தான். "ஏமாத்திப் போட்டா பாலனுக்குக் குத்தும்" என்றும் சொன்னார்.

மூன்று வாரத்தில் நான் போட்டது ஏழு. ஒன்றுகூட சுலபமாக வந்ததில்லை.

நேராக ஜெப அறைக்குப் போனேன். முந்தாநாள் வரை அடிப்பலகை தெரிந்த தொட்டி, நிரம்பி வழிந்தது. பக்கத்தில் சேவியர் அண்ணன் நின்றிருந்தார்.

"என்ன அண்ணே இது?"

"நாளைக்கு போட்டோ எடுக்க வராங்க லா. காலியா இருந்தா நம்ம குரூப்புக்கு அசிங்கம்ல?" அவர் முகத்தில் கூச்சமே இல்லை.

கையை விட்டுத் தேடினேன். என்னுடையது எது என்று தெரியவில்லை.

அந்த ஏழில் ஒன்று, போன மாதம் நான் பாட வேண்டிய பாட்டை என்னிடம் சொல்லாமல் வேறொருத்திக்குக் கொடுத்த இதே அண்ணனை மன்னித்ததற்காகப் போட்டது.

அதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளப் போகிறேன். எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.