நீலம் ஏறாத வட்டம்

என் மேசை இழுப்பறையில் உடைந்த நீல சாக்பீஸ் ஒன்று இருக்கிறது. பாகூரில் எங்கள் நீர்ப்பாசன அலுவலகத்தில் இளநிலைப் பொறியாளராக இருந்த அம்மையார் விட்டுச் சென்றது. மழைக்காலத்துக்கு முன்பே அவர் கரும்பலகையில் ஆற்றோரத்து ஆட்களை வட்டங்களாக வரைந்து, யார் யாருக்கு வெள்ளச் செய்தி சொல்வது என்று கோடு இழுத்துவிடுவார். செய்தி தெரிந்தவருக்கு நீலம் பூசுவார். தெரிந்தவர் சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் மட்டும் பாக்கி என்றால் செய்தி நகரும். இருவர் பாக்கி என்றால் அங்கேயே நின்றுவிடும் என்பார். கணிதம் படித்தபோது கற்ற விதியாம். மனிதர்கள் அப்படியில்லை என்று நான் வாதாடியிருக்கிறேன்.

மேலே அணை திறந்த காலை, ஆற்றங்கரை ஊரான குருவிநத்தத்தில் வட்டங்கள் ஒவ்வொன்றாக நீலமாகி, கரையோர டீக்கடைக்காரரிடம் வந்து நின்றன. அவருக்கு அப்பால் இரண்டு வெற்று வட்டங்கள்: வடக்கே மோட்டார் கொட்டகைக் காவலாளி, தெற்கே ஆற்றுப் படுகையில் கூடாரம் போட்டிருந்த வாத்துக்காரக் குடும்பம். வெளியூர்க்காரர்கள், கைக்குழந்தையோடு. அவர்கள் போன் எண் யாரிடமும் இல்லை. அம்மையார் டீக்கடைக்காரரைப் போனில் பிடித்தார்.

“ரெண்டு பேருக்கும் சொல்ட்டீங்களா அண்ணே?”

“இன்னா மேடம், ஒருத்தன் வடக்கால, ஒருத்தன் தெக்கால. எவன்கிட்ட மொதல்ல ஓடறது? அதான் யோசிச்சுக்கிட்டே நிக்கறேன்.”

“நின்னுக்கிட்டா இருக்கீங்க?”

போனில் பாய்லர் இரைச்சல்தான் கேட்டது. ஜீப் அனுப்பலாம் என்றேன். அதற்குள் தண்ணீர் வந்துவிடும் என்று அம்மையார் தலையசைத்து, காவலாளியைத் தாமே இன்னொரு போனில் அழைத்தார். எடுக்கவில்லை. மறுபடி அழைத்தார். எடுத்தான். வடக்கு வட்டம் நீலமானது.

“அண்ணே, வடக்கால நானே சொல்ட்டேன். இனிமே உங்களுக்கு ஒருத்தர்தான் பாக்கி.”

டீக்கடைக்காரர் போனை வைத்துவிட்டார். அம்மையார் சாக்பீஸைக் கடைசி வட்டத்தின் மேல் வைத்தபடி நின்றார். அறையில் யாரும் உட்காரவில்லை. போன் அடித்தபோது நான்தான் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

“மேட்டுக்கு ஏறிட்டாங்க மேடம். கொழந்த என் கையிலதான் இருக்கு, சட்டையெல்லாம் நனைச்சிடுச்சு. வாத்துதான் பாதி போச்சு.”

அவர் அழுத்திப் பூசியதில் சாக்பீஸ் உடைந்தது. மாலையில் படுகையே தெரியவில்லை.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். இப்போது வாட்ஸ்அப் குழு இருக்கிறது; ஒரே தட்டலில் எல்லோருக்கும் செய்தி போகிறது. இந்த ஆண்டும் படுகையில் ஒரு வாத்துக்காரக் குடும்பம் இறங்கியிருக்கிறது. அவர்களுக்கு யார் சொல்வது என்று குழுவில் கேட்டேன். எல்லோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

இழுப்பறையைத் திறந்து சாக்பீஸை எடுத்தேன். பலகையில் அந்தக் குடும்பத்துக்கு ஒரு வட்டம் வரைந்தேன், அதற்கு ஒரே ஒரு கோடு. மறுமுனையில் டீக்கடைக்காரரின் பெயரை எழுதிவிட்டு, அவருக்குப் போன் செய்தேன்.