விரலால் அளந்த தோட்டா

நான் புதுப்பட்டிக் கம்பெனியில் பட்டாசுக் குழாய் சுத்தினவ. ரெண்டு குழாயை விரலில் உருட்டினாலே அளவு பேதம் தெரிஞ்சிரும். அந்த நம்பிக்கைதான் என்னைக் கெடுத்தது.

என் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்து, அங்கேயே துப்பாக்கியோடு வாட்ச்மேனாக இருந்தார். ஒரு மத்தியானம் சோறு கொண்டுபோன நான், ஆணியில் தொங்கின ரெண்டு தோட்டாப் பைகளையும் தெரியாமல் தட்டிவிட்டேன்; தோட்டாவெல்லாம் கீழே கொட்டிக் கலந்துபோச்சு. ஒன்று அவருடையது, இன்னொன்று கூட வேலை பார்த்தவருடையது. ரெண்டு பேர் துப்பாக்கியும் வேறு வேறு ரகம், தோட்டா அளவும் வேறு. சொல்லக் கூச்சப்பட்டு, உருண்டதையெல்லாம் விரலால் அளந்து பிரித்துப் போட்டேன்.

சாப்பிட்டுவிட்டு அவர் துப்பாக்கியில் தோட்டா போட ஆரம்பித்ததும், விரல் தப்பியிருந்தால் என்னாகும் என்று தோன்றியது. ஓடிப்போய் கையைப் பிடித்தேன்.

“ஏ புள்ள, விடு. ஆளுக பாக்குறாக.”

“பை கொட்டிருச்சுங்க. நான்தான் பிரிச்சுப் போட்டேன்.”

அவர் முகம் செத்துப்போச்சு. போட்டதை வெளியே எடுத்து, தோட்டாவின் அடியில் இருந்த நம்பரைத் துப்பாக்கிக் குழலில் இருந்த நம்பரோடு ஒத்துப் பார்த்தார். ஒரு தோட்டா சேரவில்லை.

“இதுவும் உள்ள நல்லாத்தானே போச்சுங்க?” என்றேன்.

“போகும். சுட்டிருந்தா குழல் வெடிச்சு என் மூஞ்சி போயிருக்கும்.”

மிச்சத் தோட்டாக்களின் நம்பரை என்னையே வாசிக்கச் சொன்னார். மூணாங்கிளாஸ் படிப்பு அதற்குப் போதும். அளந்த அதே விரலை ஒவ்வொரு நம்பரிலும் வைத்து வாசித்தேன்.