கூரையில் மிதவை

பிஸ்கட் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியான அவரை எல்லோரும் சேஃப்டி என்றே கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. நாலு படி ஏணியில் ஏறுகிறவனிடமும் ஹெல்மெட் எங்கே என்று கேட்கும் மனிதர், வீட்டில் நாற்காலி மேல் நாற்காலி போட்டு, ஈரக் காலோடு ஏறி பல்பு மாற்றுவார்.

"ஆபீஸ்ல இப்படி ஏற விடுவீங்களா?" என்று மனைவி கேட்டால், "இங்க பெர்மிட் குடுக்கிறது நீதானே" என்பார்.

மழைக்கு முன் பேக்கிங் கூடத்தின் கூரையைப் பழுதுபார்க்க வேண்டியிருந்தது. வேலை மனைவியின் தம்பிக்குக் கிடைத்தது. கார் ஷெட் போட்டுக்கொண்டிருந்தவனுக்கு முதல் பெரிய காண்ட்ராக்ட். அது கிடைத்ததில் சேஃப்டிக்கு எந்தப் பங்கும் இல்லை. வீட்டில் யாரும் அதை நம்பவில்லை. நம்பவைக்க அவரும் பெரிதாக முயலவில்லை.

வேலைக்கு முன் ஒப்பந்தக்காரர் தர வேண்டிய ஆபத்து மதிப்பீடு பன்னிரண்டு பக்கத்தில் வந்தது. மைத்துனன், அவனுடைய நான்கு ஆட்கள், மேனேஜர் எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள். சேஃப்டிக்கு ஒரு கெட்ட பழக்கம்: படிப்பார். ஏழாம் பக்கத்தில், 'முக்கிய ஆபத்து: நீரில் மூழ்குதல். தடுப்பு: ஆளுக்கொரு மிதவை' என்று இருந்தது.

"மச்சான், கூரைல எங்க நீந்தப் போற?"

"அது நீச்சல் குளத்து வேலைக்கு எழுதினது அத்தான். தெரிஞ்சவன் குடுத்தான். பேர மாத்திட்டேன்."

"ஆபத்த மாத்தலியே."

"யாரு படிக்கப் போறாங்க? பதினஞ்சு வருஷமா ஏறுறேன், எனக்குத் தெரியாத கூரையா?"

வேலையைத் தொடங்க அனுமதிக்கும் பெர்மிட்டில் சேஃப்டி கையெழுத்துப் போடவில்லை. மேனேஜர் வந்தார்.

"அவர் ஆள் விழுந்தா அவர் பொறுப்பு. அதுக்குத்தானே காண்ட்ராக்ட்?"

"வேலைய வெளிய குடுக்கலாம் சார். பொறுப்பு மொத்தத்தையும் கூடவே குடுத்தனுப்ப சட்டம் விடாது. கூரைல வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் தகடு பதினொண்ணு இருக்கு. வெயில் தாங்கலன்னு நாமளே பெயிண்ட் அடிச்சோம். பாத்தா இரும்பு மாதிரி இருக்கும், கால் வச்சா உடையும். அவன்கிட்ட நாம சொன்னோமா?"

அந்தப் பெயிண்டுக்கும் கையெழுத்துப் போட்டது தான்தான் என்பது நினைவுக்கு வரவே, மேனேஜர் மழையைப் பற்றிப் பேசினார்.

இரண்டு நாள் வேலை நின்றது. மனைவி அவரோடு பேசுவதை விட்டு, அவர் காதில் விழும்படி மிக்ஸியோடு பேசினாள். "கூடப்பிறந்தவன் பொழப்புல மண்ணப் போடுறதுக்குன்னே சில பேரு வேலைக்குப் போறாங்க." மிக்ஸி அவள் பக்கம்தான் இருந்தது.

அந்த இரண்டு நாளில் சேஃப்டி கூரைக்குப் படம் வரைந்து பதினோரு தகட்டையும் சிவப்பில் குறித்தார். நடக்கப் பலகை, உடம்பில் மாட்டும் பாதுகாப்பு வாருக்குக் கயிறு, கயிற்றைக் கட்ட இரும்பு உத்தரம், எல்லாம் ஏற்பாடாயிற்று. மைத்துனன் புதிய மதிப்பீட்டை முறைத்துக்கொண்டே கைப்பட இரண்டு பக்கம் எழுதினான். எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன, ஆனால் ஆபத்துகள் அந்தக் கூரையுடையவை. நான்கு ஆட்களையும் அதைத் திருப்பிச் சொல்லவைத்துவிட்டுத்தான் சேஃப்டி கையெழுத்திட்டார். கீழே கூடத்தைக் காலிசெய்தார்.

மறுநாள் பதினொரு மணிக்குக் கூரை வழியே ஒரு கால் வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மைத்துனன் முழுவதுமாக வந்து, கயிற்றில் மெல்லச் சுற்றியபடி, பேக்கிங் மெஷினுக்கு மேலே நின்றான், நிற்க எதுவும் இல்லாமல். பலகையை நகர்த்தும்போது பக்கத்துத் தகட்டில் கால் வைத்திருக்கிறான். படத்தில் பதினொன்று. கூரையில் பன்னிரண்டு.

சேஃப்டி வெளுத்த முகத்தோடு மேலே பார்த்தார். சுற்றுவது நின்றதும் மைத்துனன் கீழே பார்த்தான்.

"அத்தான், மிதவை எங்க?"

ஏணி வைத்து அவனை இறக்கினார்கள். சேஃப்டி படத்தை எடுத்துப் பன்னிரண்டாவதைக் குறித்தார். மற்றத் தகடுகள் எல்லாவற்றையும் தட்டிப் பார்க்கும்வரை பெர்மிட்டை ரத்து செய்தார். இந்த முறை மைத்துனன் வாதாடவில்லை.

அன்று மாலை சமையலறை பல்பு போனது. அவர் இரண்டாவது நாற்காலியைத் தூக்கினார்.

"கீழ வைங்க," என்றாள் மனைவி, மூன்று நாளில் முதன்முறையாக அவரிடமே. "பெர்மிட் இல்ல. தம்பி ஏணியோட வரான்."