செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் ஒரு முற்றுப்புள்ளி

உருகிய பிளாஸ்டிக்கின் வாடை எனக்கு அம்மாவின் வாடை. மாக் மண்டினில் வாளிகளுக்கும் டப்பாக்களுக்கும் மூடி வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில் அம்மா ‘லைன் லீடராக’ இருந்தார். காலை ஷிப்ட் முடிந்து ‘கம்பெனி பஸ்’ அவரை டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே இறக்கிவிட்டால், எத்தனை முறை குளித்தாலும் போகாத அந்தத் தித்திப்பும் காறலுமான வாடை அவருக்கு முன்பாகவே படியேறி வீட்டுக்குள் வந்துவிடும்.

நான் படிவம் மூன்றில் படித்த ஆண்டு, மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அம்மா பஸ்ஸில் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் யாரோ ஒருவருடைய ‘கெரேத்தா’வில், காரில், வந்து இறங்கினார். சட்டையின் முன்பக்கம் முழுவதும் இரத்தம். அது அவருடையதல்ல, ரோஸி அக்காவுடையது. எங்களுக்குக் கீழ்மாடியில் குடியிருந்த ரோஸி அக்கா அம்மாவின் கீழ் வேலை பார்த்தவர். காலை ஷிப்ட் இல்லாத நாள்களில் அம்மா வீட்டில் இருந்தாலும் எனக்குப் பின்னல் போட்டுவிட அவர்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிப்பேன், அத்தனை இறுக்கமாக, அத்தனை நேராகப் பின்னுவார். இயந்திரத்தின் வாயை மறைக்கும் ‘கவர்’ உடைந்து கிடந்ததால் அவருடைய வலக்கையில் இரண்டு விரல்கள் அன்று நசுங்கிப்போயின.

நடந்ததை ஆங்கிலத்தில் எழுதித் தரும்படி அலுவலகம் அம்மாவைக் கேட்டது. அப்பாவுக்கு லாரி ஓட்டம், அந்த வாரம் ஜொகூர் பக்கம் போயிருந்தார். அவருக்கும் ஆங்கிலம் அவ்வளவுதான். பள்ளியில் ஆங்கிலக் கட்டுரைக்குப் பரிசு வாங்கியவள் நான். ஆகவே அந்தச் ‘சூராட்’, கடிதத்துக்கு எங்கள் வீட்டில் அதுதான் பெயர், என் தலையில் விழுந்தது. அம்மா சாப்பாட்டு மேசையில் கையூன்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“கவர் ஒடஞ்சி கெடந்துச்சு. மண்டே சூப்பர்வைசர்கிட்ட சொன்னேன். டியூஸ்டே அக்சிடென் ஆயிருச்சு. அவ்வளவுதான் லா, வேற என்ன எழுத?”

அம்மா சொன்ன வரிசை மாறாமல் நானும் எழுதினேன்: தி கவர் வாஸ் புரோக்கன் ஆன் மண்டே ஐ டோல்ட் தி சூப்பர்வைசர் ஆன் டியூஸ்டே தி ஆக்சிடென்ட் ஹேப்பெண்ட். மூன்று வாக்கியங்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடின, நடுவில் ஒரு புள்ளிகூட இல்லாமல். என் கட்டுரைகளில் ஆசிரியை ஓரத்தில் சிவப்பு மையால் வழக்கமாக எழுதும் ‘ரன்-ஆன்’ என்ற குறிப்பை அதுவரை நான் பொருட்படுத்தியதில்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வந்து வாக்கியத்தைத் தானே மூடிவிடும், புள்ளி இல்லாவிட்டாலும் எங்கே முடிந்தது என்பது காதுக்குத் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் நடுவில் நிற்கும் ஒரு கிழமை, முன்னால் போனதோடும் ஒட்டும், பின்னால் வருவதோடும் ஒட்டும் என்பது பதினைந்து வயதில் எனக்குத் தெரியாது.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. திங்கட்கிழமை கவர் உடைந்ததாகவும், செவ்வாய்க்கிழமை வரை சூப்பர்வைசரிடம் சொல்லாமல் இருந்துவிட்டதாகவும் நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள், லைன் லீடராக உங்களை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அம்மாவின் முகம் வெளுத்தது.

“நான் மண்டேன்னுதானே பாப்பா சொன்னேன்?”

என் நோட்டில் இருந்த முதல் படியை எடுத்துப் பார்த்தேன். அவர்கள் படித்த விதத்திலும் அதைப் படிக்கலாம். ‘ஆன் மண்டே’க்கு முன்னால் ஒரு புள்ளி, ‘ஆன் டியூஸ்டே’க்கு முன்னால் ஒரு புள்ளி, இரண்டே இரண்டு வைத்திருந்தால் அம்மா முதல் நாளே சொன்னவராகியிருப்பார். என்னால்தான் என்று அம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. அவர்கள் தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது கடிதத்தைப் பயந்துபோய் எழுதினேன். புள்ளி வைக்காததால் வந்த வினை என்று, மூச்சு விட்ட இடத்திலெல்லாம் புள்ளி வைத்தேன். “ஏம்மா மெஷின நிறுத்தல?” என்று நான் கேட்டதற்கு, “ஆர்டர் போகணும், ஓட்டுன்னு சூப்பர்வைசர் சொன்னான்” என்றார் அம்மா. அதை, ‘பிகாஸ் தி சூப்பர்வைசர் செட் ரன்’ என்று தனியாக ஒரு வரியில், முன்னும் பின்னும் புள்ளியோடு, அந்தரத்தில் நிறுத்தினேன். எதனால் என்பது அதில் இருந்தது. எது என்பது இல்லை.

அம்மாவை விசாரணைக்கு அழைத்தார்கள். தைரியத்துக்கு நானும் பள்ளிச் சீருடையோடு போனேன், கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உள்ளே அலுவலக அதிகாரியான ஒரு தமிழர், வயதில் அம்மாவைவிடச் சின்னவர், கடிதங்கள் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துக்கொண்டு கேட்பது எனக்குக் கேட்டது.

“மொத சூராட்ல டியூஸ்டே. ரெண்டாவதுல மண்டே. எத நான் நம்பறது அக்கா? இங்க பாருங்க, பிகாஸ்னு போட்டிருக்கீங்க. பிகாஸ், அப்புறம் என்ன? எதுக்கு பிகாஸ்?”

அம்மா கண்ணாடிக்கு வெளியே இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தத் தாளில் இருப்பது அவருக்கே தெரியாதே. சூப்பர்வைசரும் அந்த அறையில்தான் இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று பஸ்ஸில் திரும்பும்போதே மடியில் தாளை வைத்து மூன்றாவது கடிதத்தை எழுதினேன். கவர் உடைந்திருந்தது, புள்ளி. திங்கட்கிழமை நான் சூப்பர்வைசரிடம் சொன்னேன், புள்ளி. ஓட்டும்படி சூப்பர்வைசர் சொன்னதால் நான் இயந்திரத்தை நிறுத்தவில்லை: அறுந்து தொங்கியதை அதன் வாக்கியத்தோடு சேர்த்துத் தைத்தேன். கையில் கட்டோடு மருத்துவமனையிலிருந்து வந்திருந்த ரோஸி அக்கா, “அக்கா மண்டே சொல்லும்போது நான் பக்கத்துலதானே நின்னேன், எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்” என்று, இடக்கையால் கோணல்மாணலாகத் தன் பெயரையும் அதில் எழுதினார்.

அம்மாவின் வேலை போகவில்லை. லைன் லீடர் பதவி போனது. மூடிகளை எண்ணிப் பைகளில் அடைக்கும் பகுதிக்கு மாற்றினார்கள், ஓய்வு பெறும்வரை அங்கேயே நின்றார். ரோஸி அக்கா அந்தத் தொழிற்சாலைக்குத் திரும்பவே இல்லை. நான் தலைமுடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன்.

இப்போது கெலுகோரில், பட்டப்படிப்பு மாணவர்களின் ஆங்கில அறிக்கைகளைத் திருத்தும் வேலை எனக்கு. ஓடும் வாக்கியங்களை வெட்டுவதும் அறுந்தவற்றை ஒட்டுவதுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் போய்விட்டன. திருத்திக் கொடுத்ததை அடுத்தவாரமும் அப்படியே எழுதிக்கொண்டு வருகிறார்கள். அம்மாவின் தொழிற்சாலை மூடப்பட்டு, இணையத்தில் விற்கும் பொருள்களை அடுக்கிவைக்கும் கிடங்காகிவிட்டது. வெளிர்நீலக் கோடு போட்ட கடிதத் தாள் கட்டுகளைக் கடைகளில் பார்க்க முடியவில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் ‘சூராட்’ எழுதச் சொல்லும் பெற்றோரும் இல்லை. சென்ற மாதம் ஆய்வுக்கூடத்தில் சிறு விபத்து ஒன்று நடந்தபோது, மாணவி கைபேசியிலேயே எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பினாள்: பழுது கண்ட நாளுக்கு ஒரு கட்டம், தெரிவித்த நாளுக்கு ஒரு கட்டம், விபத்து நடந்த நாளுக்கு ஒரு கட்டம்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து நெத்திலியின் தலை கிள்ளும்போது அதைச் சொன்னேன். முப்பது ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சேர்த்துச் சொன்னேன். “அப்பவே இந்த மாதிரி கட்டம் இருந்திருந்தா ஒங்க லீடர் வேல போயிருக்காதும்மா. நான்தான் புள்ளி வைக்காம விட்டுட்டேன்.”

அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“கட்டம் இருந்தா மட்டும்? நான் என்னைக்குச் சொன்னேன்னு அந்தச் சூப்பர்வைசருக்குத் தெரியாதா? அன்னைக்கு ரூம்புல ஒக்காந்துதானே இருந்தான். வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும் லா. ஒன் சூராட்டு என்ன பண்ணும்?”

“இத்தன வருசமா ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“நீ இத மனசுல வச்சிருக்கேன்னு எனக்கு எப்படிப் பாப்பா தெரியும்?”

அன்று நான் திருத்தி முடிக்க வேண்டிய அறிக்கைகள் பதினொன்று இருந்தன. ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.