வாயோலா எழுதிய பூஜ்யம்

சமோவாவில் எங்கள் ஊர்க் கடலில் குளிக்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் தலைக்குப் பத்து தாலா கொடுக்க வேண்டும். நாலு வருஷமாக ஓலைப் பந்தலில் உட்கார்ந்து அதை வாங்கி டப்பாவில் போட்டவள் என் பக்கத்து வீட்டு வாயோலா. பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் ஊரே தன் கைக்குள் இருப்பதாக அவளுக்கு நினைப்பு.

இப்போது வருகிறவர்கள் எல்லோரும் கார்டை நீட்டுகிறார்கள். பந்தலில் மின்சாரமே கிடையாது. "நாளைக்குத் தர்றோம்" என்று குளித்துவிட்டுப் போகிறவர்கள் போனவர்கள்தான். வசூலை நடத்தும் ஊர் மகளிர் சங்கம் கறாராகச் சொல்லிவிட்டது: இந்த வாரமும் டப்பா காலியாக இருந்தால் நாற்காலி வாயோலாவின் நாத்தனாருக்கு. நாத்தனார் பேரைக் கேட்டாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சனிக்கிழமை பிரிஸ்பேனிலிருந்து கிரஹாம் என்பவர் மனைவியோடு வந்தார். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

"ரொக்கமே வச்சுக்கறதில்லைம்மா. எல்லாம் இதுலதான்."

"அதுல நான் மணிதான் பாக்கலாம். சரி, உங்க பேரு?"

"கிரஹாம். எதுக்கு?"

"சும்மாதான். நாளைக்கு சர்ச்சுக்கு வாங்க, பாட்டு நல்லாருக்கும்."

இருவரும் காசு கொடுக்காமலே குளித்துவிட்டுப் போனார்கள்.

எங்கள் சர்ச்சில் காணிக்கை ரகசியம் கிடையாது. யார் எவ்வளவு என்று பேர் சொல்லி உரக்க வாசிப்பார்கள். கடன் வாங்கியாவது கொடுப்போமே தவிர, அதில் குறைந்துபோக மாட்டோம். அந்தப் பட்டியலின் அடியில் வாயோலா திருட்டுத்தனமாக ஒரு வரி சேர்த்துவிட்டாள்.

மறுநாள் காலை டீக்கன் வாசித்துக்கொண்டே வந்தார். "வாயோலா, இருபது. பிரிஸ்பேன் கிரஹாம்..." கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார். "பூஜ்யம்."

சர்ச்சே திரும்பிப் பார்த்தது. தன் பேர் மட்டும் புரிந்த கிரஹாம் பக்கத்திலிருந்த ஊர்க்காரியிடம் விஷயம் கேட்டார். கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. பாவம்தான், ஆனால் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மனிதர் நேரே டவுனுக்குப் போய் மெஷினில் பணம் எடுத்துக்கொண்டு மாலை ஆராதனைக்குத் திரும்பிவிட்டார். வாயோலா டப்பாவோடு ஓடினாள். அவர் அவளைத் தாண்டிப் போய்ப் பாதிரியார் கையில் இருநூறு தாலாவைக் கொடுத்தார்.

"சர்ச்சுலதானே என் பேரை வாசிச்சாங்க?"

"கிரஹாம், இருநூறு!" என்று வாசித்தபோது எல்லோரும் கை தட்டினோம். வாயோலாவும் தட்ட வேண்டியதாயிற்று.

திங்கட்கிழமை நாற்காலியில் நாத்தனார். வாயோலா என் வீட்டுப் படியில் உட்கார்ந்து பொருமினாள்.

"வெக்கப்பட வச்சது நானு, வாங்கிக்கிட்டது பாதிரியாரு! இது நியாயமாடி?"

"அவர்கிட்டயே போயி கேளேன்."

"எப்படிடி கேக்குறது? அந்த வரிய எழுதினது யாருன்னு கேப்பாரே!"