சிலுவை போட்டுக்கொண்ட பிணம்

எர்சிலியாவைக் கொன்றது ஒரே ஒரு தடவைதான். ஆனால் அதற்குப் பிறகு ஐம்பது வருஷமாக, ஜனவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், மதியச் சாப்பாடு முடிந்ததும், மொந்தேவெர்னா ஊரின் மாதாகோவில் கூடத்துத் திரையில் அவள் செத்துக்கொண்டே இருந்தாள்.

வேறெங்கும் ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாத கொலைப்படம் அது. பெயர் ‘ஒன்பதாம் அறையின் விளக்கு’. அறுபத்தாறில் ஊர் மேட்டு மாளிகையில் எடுத்தார்கள். படம் முழுக்கச் சுவர்க் கடிகாரத்தில் மணி நாலே பத்து. துப்பறிகிறவருக்கு ஒரு காட்சியில் கறுப்பு மீசை, கதவைத் திறந்து அடுத்த அறைக்குப் போனால் பழுப்பு மீசை. கொலைகாரன் இன்னார் என்று கடைசியில் சொல்கிறார்கள்தான். அந்த ஆளோ முதல் கொலை நடக்கும்போது பின்னால் உட்கார்ந்து நிம்மதியாகச் சூப் குடித்துக்கொண்டிருக்கிறான். ஊருக்கு அந்தப் படம் உயிர். வசனம் பிசகாமல் எல்லாரும் கூடவே ஒப்பிப்பார்கள்.

பிணமாகப் படுக்க வந்த நடிகை, பளிங்குத் தரை ஜில்லென்றிருக்கிறது என்று ரோமுக்கே ஓடிவிட்டாள். அந்த நேரம் பார்த்து முட்டை கொடுக்கப் போனாள் எர்சிலியா. வயது இருபது, உயரம் ஓடிப்போன நடிகையின் உயரமே. முட்டைக்கூடையைப் பிடுங்கி வைத்து, பட்டு கவுனை மாட்டி, நெஞ்சில் கத்தியை ஒட்டிக் கிடத்திவிட்டார்கள். கைவசம் இருந்தது கடைசித் துண்டு பிலிம். கோவில் மணியடிக்கும் ஒரேஸ்தேயிடம், இன்று நண்பகல் மணி மட்டும் வேண்டாம் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சியிருந்தார்கள். மணி கேட்டால் போதும், விளக்கு பிடிக்கிற ஊர்க்காரர்கள் அப்படியப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

ஒரேஸ்தே அடித்தான்.

பிணம் கண் திறக்கவில்லை. நண்பகல் மணி கேட்டால் சிலுவை போட்டே பழகிய வலது கை மட்டும் தானாக எழுந்தது. நெற்றி, கத்தியை வளைத்துக்கொண்டு போய் நெஞ்சு, இடது தோள், வலது தோள்.

வேறு பிலிம் இல்லை, அதையே வைத்துக்கொண்டார்கள். சத்தமெல்லாம் பிறகு ரோமில் சேர்த்தது. அதனால் திரையில் மணி கிடையாது, வயலின்தான். வெளியூர்க்காரன் பார்த்தால் சிரிப்பான். மொந்தேவெர்னாக்காரர்கள் பிணத்தோடு சேர்ந்து சிலுவை போட்டுக்கொள்வார்கள்.

“செத்தவளை எழுப்பத்தான்டி அடிச்சேன்” என்பான் ஒரேஸ்தே. அடுத்த ஈஸ்டருக்குள் அவளைக் கட்டிக்கொண்டான். வருஷா வருஷம் அந்த இடம் வரும்போது முழங்கையால் அவளை ஒரு இடி இடிப்பான். போன இலையுதிர்காலத்தில் போய்ச் சேர்ந்தான். இந்த ஜனவரி, காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் மணியைக் கேட்கத்தான் எர்சிலியா கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தாள்.

வாசலிலேயே பிடித்துக்கொண்டான் லம்பேர்த்தோ. பழைய படங்களைத் துலக்கிப் புதுசாக்குகிற போலோஞா நகரத்துப் பையன்.

“அம்மா, உங்க அம்பது வருஷ அவமானத்தைத் துடைச்சுட்டேன்! இப்ப பிணம் இம்மி அசையாது. இனிமே எங்க காட்டினாலும் இந்தப் பிரதிதான்.”

“யாரைக் கேட்டுத் துடைச்சே தம்பி?”

“தப்பைத் திருத்த யாரைக் கேக்கணும்?”

“அக்காவைக் கொன்னது பத்தாதுன்னு கையையும் வெட்டிட்டான் பாரு!” என்றான் நாவிதன் துல்லியோ.

எர்சிலியா போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

அந்த இடம் வந்தது. பளிங்குத் தரையில் மெழுகுபொம்மை மாதிரிக் கிடந்தது பிணம். கூடத்தில் அத்தனை கைகளும் நெற்றிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டன.

“இது வேற யாரோ” என்றது ஒரு குரல்.

எர்சிலியா எழுந்து திரைமுன்னால் போனாள். வெளிச்சம் முதுகில் விழுந்தது. நிழல் பிணத்தின் மேல் விழுந்தது. நிழலின் கை நெற்றியைத் தொட்டது. இல்லாத கத்தியைப் பழக்கதோஷத்தில் வளைத்துக்கொண்டு நெஞ்சுக்கு இறங்கியது. தோள், தோள். பின்னால் அத்தனை கைகளும் மிச்சத்தை முடித்தன.

லம்பேர்த்தோ படத்தை நிறுத்தினான்.

“என்னம்மா இது?”

“என் புருஷன் அடிச்ச மணி தம்பி. அவன் அடிச்சதுல மிச்சம் இருக்கறது அந்தக் கை ஒண்ணுதான்.”

பையன் பிடரியைச் சொறிந்தான்.

“கையைத் திரும்ப வெச்சுடறேன்மா. மணிச்சத்தமும் சேர்த்துடட்டுமா?”

“ஐயையோ, வேணாம்” என்றாள் எர்சிலியா. “அது கேட்டா இவங்க எல்லாரும் எழுந்து மறுபடியும் சாப்பிடப் போயிடுவாங்க.”