புதுச் செருப்பு எங்கிருந்து வந்தது

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி இல்லாமல் போனாலும் புதுச் செருப்பு கட்டாயம் உண்டு. அதைப் போட்டுக்கொண்டுதான் காலை ஆராதனைக்குப் போவோம். அப்பாவிடம் காரணம் கேட்டால், "அது அப்படித்தான்" என்பார். அவர் காலமான பிறகு அண்ணன் ஒரு காரணம் கண்டுபிடித்தான். எங்கள் கொள்ளுத்தாத்தா ஒரு ஜெர்மன் மிஷனரிக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த முன்ஷியாம். அந்த மிஷனரியின் மனைவியான துரைசானி வீட்டு வழக்கம் எங்களுக்கும் ஒட்டிக்கொண்டதாம்.

எனக்கும் அண்ணனுக்கும் ஆகாது. என் இருபத்தாறாவது வயதில் நான் விரும்பியவரை, "என்ன ஆளுங்க?" என்ற ஒரே கேள்வியில் வாசலோடு திருப்பி அனுப்பியவன் அவன். அப்புறம் நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தே காலம் போய்விட்டது.

இரண்டு வருடம் முன்பு, வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும், அவன் குடும்ப வரலாறு எழுத ஆரம்பித்தான். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். பல்லாவரம் பக்கம் ஒரு பழைய சபையில் கொள்ளுத்தாத்தாவின் ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது என்று கேள்விப்பட்டு எனக்குப் போன் செய்தான்.

"நீதான ஹிஸ்டரி டீச்சர்? போய் ஒரு போட்டோ எடுத்துட்டு வா. எனக்கு முட்டி வலி."

கேட்கவில்லை, உத்தரவிட்டான். போனேன்.

சபைக் கிளார்க் பதிவேட்டைத் திறந்து விரலால் தடவிக் காட்டினார். கொள்ளுத்தாத்தாவின் பெயர். அவருடைய அப்பாவின் பெயர். கொள்ளுத்தாத்தாவின் தொழில் என்ற கட்டத்தில், "தோல் ஷாப் கூலி."

"முன்ஷின்னு சொன்னாங்களே" என்றேன்.

கிளார்க் சிரித்தார். "முன்சியாவது இன்னாவாவது! இங்க அல்லாரும் தோல் ஷாப்தான்மா, தோலு பதம் பண்ற எடம். எங்க தாத்தாவும் அங்கதான். கிறிஸ்மசுக்கு மொதலாளி வெட்டுத்துண்டு தோலு குடுப்பாராம். அதுல புள்ளைங்களுக்கு செருப்பு தைப்பாங்களாம். எங்க வூட்ல இன்னும் அன்னிக்கு புது செருப்புதான்."

என் காலைப் பார்த்துக்கொண்டேன். முதலில் வந்தது பெருமையில்லை, வெட்கமும் இல்லை. சந்தோஷம். அண்ணனை அடிக்கக் கையில் ஒரு கல் கிடைத்த சந்தோஷம். அந்தக் கேள்வி கேட்டவனுக்கு இதுவா பூர்வீகம்!

போட்டோவை அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. "வேற ஆளா இருக்கும். விடு."

கிறிஸ்துமஸ் மதியம் சேலையூரில் அவன் வீட்டில் சாப்பாடு. அதற்குள் மகளுக்கு வரன் முடிவாகியிருந்ததால் மாப்பிள்ளை வீட்டாரும் வந்திருந்தார்கள். பிரியாணி பரிமாறும்போது மாப்பிள்ளையின் அப்பா, வாசலில் கிடந்த எங்கள் செருப்பெல்லாம் புதிதாக இருந்ததைச் சொல்லிக் காரணம் கேட்டார். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்ஷி கதையை ஆரம்பித்தான். கதையில் ஜெர்மன் துரைசானியும் வந்தாள். நான் எலும்பைத் தட்டில் வைத்தேன்.

"பொய் சார் அது" என்றேன். "எங்க கொள்ளுத்தாத்தா தோல் ஷாப்புல கூலி. மிச்சத் தோல்ல அவர் தைச்ச செருப்புலதான் இந்த வழக்கமே வந்தது. இவனுக்கும் தெரியும். நானே ரெஜிஸ்டரை போட்டோ எடுத்து அனுப்பினேன்."

அண்ணி தயிர்ப் பச்சடிக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றார்.

"தோல் ஷாப்பா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "அப்ப நீங்க என்ன ஆளுங்க?" என்றார்.

அண்ணன் குனிந்து தட்டிலிருந்த பிரியாணியைப் பிசைந்தான். முப்பது வருடம் நான் காத்திருந்த காட்சி. ருசித்துப் பார்த்தேன். அவர்கள் கேக்கைத் தொடாமலே கிளம்பினார்கள்.

கார் தெருமுனை திரும்பியதும் அண்ணன் கத்தினான். "உனக்கு ஒண்ணும் அமையலைன்னு என் பொண்ணு வாழ்க்கையைக் கெடுக்குறியா? வெளிய போ!"

"அமையலையா? நீ அமையவிட்டியா?" என்று நானும் கத்தினேன்.

அண்ணன் மகள் என்னுடன் கேட் வரை வந்தாள். அவள் அழவில்லை.

"நல்லவேளை அத்தை, இப்பவே தெரிஞ்சுது. அந்த மாதிரி வீட்டுக்கு நான் போகமாட்டேன்" என்றாள். நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள். "ஆனா நீங்க எனக்காகச் சொல்லலை. நான் அங்க உட்கார்ந்திருந்ததே உங்களுக்கு ஞாபகம் இல்ல."

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. அண்ணனின் குடும்ப வரலாறு புத்தகமாக அச்சாகி வந்தது. அதில் கொள்ளுத்தாத்தா முன்ஷியாகவே இருக்கிறார். நான் எங்கும் இல்லை. கோயிலில் அண்ணன் என்னைக் கண்டால் வேறு பெஞ்சுக்குப் போய்விடுகிறான். போகட்டும். அவனிடம் மன்னிப்புக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை.

அவன் மகளுக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் மூன்று முறை எழுதினேன். மூன்றையும் படித்திருக்கிறாள். இதுவரை பதில் எழுதவில்லை.